கொடையும் கைப்பழக்கமே

ஔவையார் பாடியதாகத் தனிப்பாடல் திரட்டில் வழங்கிவரும் வெண்பா ஒன்று, பள்ளிக்கூடத்து வாயிலை மிதித்த தமிழர் பெரும்பாலோர்க்குத் தெரிந்ததாகும். ஓவியம் கையின் பழக்கத்தால் வருவது. நல்ல தமிழ் நாவின் பழக்கத்தால் வருவது. கல்வி மனத்தின் பழக்கத்தால் நிலைப்பது. அன்றாடம் ஒழுகும் நடையும் பழகப் பழக வருவதே. ஆனால் நட்பு, இரக்கம், ஈகை ஆகிய மூன்று மட்டும் பிறவியோடு கூட வரும் குணங்கள். இதுவே அப்பாடலின் கருத்து.

பாடலின் முற்பகுதியை நாம் மாணவர்க்குச் சொல்கிறோம். பிற்பகுதியை வள்ளல்களைப் பாராட்டும் மேடையில் சொல்கிறோம். எழுதிப் பழகு, படித்துப் பழகு என்று பிள்ளைகளை ஊக்குவதற்கு முதற்பாதி உதவுகிறது. "கொடுக்கும் குணம் இவர் குருதியில் ஊறியது" என்று செல்வரைப் புகழ மறுபாதி உதவுகிறது. இரண்டு பாதிகளும் ஒரே வெண்பாவில் அமைந்திருப்பதால், முதற்பாதியின் உண்மையே மறுபாதிக்கும் சான்றாகிவிடுகிறது. ஓவியத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் கொடையைப் பற்றியும் சரியாகத்தானே சொல்லியிருப்பார் என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம். அந்த மறுபாதியை ஏற்கலாமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில், நல்ல பழக்கத்தை வளர்ப்பதும் தீய பழக்கத்தை விடுவதும் மனிதனால் ஆகக்கூடியவையா என்னும் கேள்விக்கு நம் குடும்பங்கள் சொல்லும் விடை, பெரும்பாலும் இப்பாடல் சொல்லும் விடையாகவே இருக்கிறது.

முதற்பாதியின் உண்மையை அறியப் புலவர் அவைக்குப் போக வேண்டியதில்லை. திருவள்ளூரை அடுத்த காக்களூர்ச் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற ஓர் இடத்திற்குப் போனாலே போதும். பிட்டர் தொழில் பயிலத் தொடங்கும் இளைஞனுக்கு முதலில் கொடுக்கப்படுவது பெரிய இயந்திரம் அன்று. ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமுமே. நாட்கணக்கில் அவன் அதனை அராவுகிறான். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தால் இடையில் ஒளி கசிகிறது. மீண்டும் அராவுகிறான். தொடக்கத்தில் அரம் ஊஞ்சல்போல் ஆடுவதால் துண்டின் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் பள்ளமாகவும் போகின்றன. நாட்கள் பல சென்றபின் அரம் ஆடுவது நிற்கிறது. மட்டம் எது என்று கையே அறிந்துகொள்கிறது. எப்படி அறிந்தாய் என்று கேட்டால் அவனால் விளக்கிச் சொல்ல இயலாது. அதுவரை மனம் செய்துவந்த வேலையைக் கை ஏற்றுக்கொண்டுவிட்டது. மனம் வேறு வேலைக்கு விடுதலை பெற்றுவிட்டது. பழக்கம் என்பதன் இயல்பு முழுவதும் இதில் அடங்கும்.

இன்னொன்றையும் அந்த இளைஞனிடம் காணலாம். அரத்தைத் தவறாகப் பிடித்துப் பழகியவன் கையிலும் அத்தவறு இதே வழியில்தான் குடியேறுகிறது. பழக்கத்திற்கு நல்லது கெட்டது தெரியாது. திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது எதுவோ அதை அது காத்து வைக்கிறது. ஆகவேதான் தேர்ந்த மேஸ்திரிகள் முதல் நாளிலேயே நிற்கும் நிலையையும் பிடிக்கும் பிடியையும் திருத்துகிறார்கள்.

எத்தனை நாளில் ஒரு செயல் பழக்கமாகும்? இருபத்தொரு நாள் என்று சிலர் சொல்வர்; நாற்பது நாள் என்று சிலர் சொல்வர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, உணவோடு ஒரு பழம் உண்பது, தண்ணீர் அருந்துவது, நடைப்பயிற்சி செய்வது போன்ற எளிய செயல்கள் தாமாகவே நிகழும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின என்று கண்டது. ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நட்டம் ஏதும் விளையவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. பிறவி வேறுபாடு உண்டு என்பதை இந்த எண்கள் மறுக்கவில்லை. அவ்வேறுபாடு நாட்கணக்கில்தான் என்பதைக் காட்டுகின்றன.

இனி, பாடலின் சொல்லமைதியைச் சற்று உற்று நோக்குவோம். பழக்கத்தின் பக்கம் வைக்கப்பட்டவை நான்கு. அவற்றுள் முதல் மூன்றும் கலை, மொழி, கல்வி என்னும் திறமைகள். நான்காவதான நடை அத்தகையதன்று. நடை என்பதற்குக் காலால் நடத்தல் என்றும் பொருளுண்டு. ஒழுகலாறு என்றும் பொருளுண்டு. நாள்தோறும் என்னும் கருத்தோடு சேர்த்து அதனை வைத்திருப்பதால் ஒழுகலாறு என்று கொள்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. அவ்வாறாயின் பாடல் தனக்குத்தானே ஓர் இக்கட்டை உண்டாக்கிக்கொள்கிறது. ஒழுகலாறு பழக்கத்தால் வருமென்றால், ஒழுகலாற்றின் பகுதிகளாகிய நட்பும் இரக்கமும் ஈகையும் மட்டும் எப்படிப் பிறவியின் பக்கம் போய்விடும்? பசித்தவனுக்கு உணவிடுவது ஒரு நடைதானே? நோயுற்ற நண்பனைப் போய்ப் பார்ப்பது ஒரு நடைதானே? நான்காவது பொருளைப் பழக்கத்தின் கணக்கில் வரவு வைத்த அதே கையால், அதன் சிறந்த பகுதிகளை வேறு கணக்கில் எழுதியிருக்கிறது பாடல்.

இப்பாடலைப் படிக்கும்போதெல்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நினைவு வராமற் போகாது. கி.பி. 1058இல் தூஸ் நகரில் பிறந்து 1111இல் அங்கேயே மறைந்த அப்பெருமகனார், நாற்பது நூல்களின் தொகுதியாக யாத்த 'இஹ்யாவு உலூமித்தீன்' என்னும் பேரிலக்கியத்தில், இருபத்திரண்டாம் நூலை உள்ளப் பயிற்சிக்கும் குணத் திருத்தத்திற்கும் ஒதுக்கியிருக்கிறார். அங்கே அவர் காட்டும் உவமை நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. அழகிய எழுத்தெழுதும் கலைஞனாக விரும்புகிறவன் என்ன செய்கிறான்? தேர்ந்த கலைஞனின் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கையால் எழுதுகிறான். தொடக்கத்தில் அது வலிந்து செய்வதாக இருக்கிறது. நாளடைவில் அதுவே அவன் இயல்பாகிறது. ஔவை ஓவியத்தைச் சொன்னார். கஸ்ஸாலி (ரஹ்) எழுத்தோவியத்தைச் சொன்னார். இருவர் கண்முன்னும் இருந்தது பழகும் கைதான்.

ஆனால் ஒரே உவமையிலிருந்து இருவரும் இரு வேறு முடிவுகளுக்குப் போகிறார்கள். கையின் கலை பழக்கத்தால் வரும், கொடை அவ்வாறு வராது என்கிறது தமிழ்ப் பாடல். கையின் கலை எப்படி வருகிறதோ அப்படியே கொடையும் வரும் என்கிறார் இமாம். ஈகைக் குணம் வேண்டுபவன் முதலில் ஈகையாளனின் செயலைச் செய்யட்டும். மனம் இசையாவிடினும் கை கொடுக்கட்டும். கொடுக்கக் கொடுக்க மனம் கையைப் பின்தொடரும். இறுதியில் கொடுப்பதிலேயே அவனுக்கு இன்பம் பிறக்கும் என்பது அவர் காட்டும் வழி. அவருக்கு ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகிறான், நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமானாகிறான் என்ற கருத்தைத் தம் ஒழுக்க நூலில் வைத்திருக்கிறார்.

குணம் மாறாது என்று வாதிடுவோர் கஸ்ஸாலியின் காலத்திலும் இருந்தனர். அவர்களுக்கு அவர் சொன்ன மறுமொழி எளியது: குணம் மாறாதென்றால் அறிவுரைக்கும் உபதேசத்திற்கும் என்ன பொருள்? காட்டுப் பருந்து மனிதன் கையில் வந்தமரப் பழகுகிறது. முரட்டுக் குதிரை கடிவாளத்திற்குப் பணிகிறது. விலங்குக்கு இயன்றது மனிதனுக்கு இயலாதா? எனினும் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று அவர் மிகைபடக் கூறவில்லை. பேரீச்சங்கொட்டையைக் காட்டி அவர் சொல்வது நடுநிலையானது. அக்கொட்டை இன்னும் மரமன்று. பேணி வளர்த்தால் பேரீச்ச மரமாகும். எவ்வளவு பேணினாலும் ஆப்பிள் மரமாகாது. சினத்தையும் ஆசையையும் வேரோடு பிடுங்க இயலாது. பயிற்சியால் அடக்கி ஆள இயலும். பிறவிக்கும் பழக்கத்திற்கும் உரிய எல்லையை இதைவிடத் தெளிவாக வகுத்தல் அரிது.

நம் வள்ளுவர் எப்பக்கம் நிற்கிறார்? ஔவை பிறவிக்குணம் என்று ஒதுக்கிய மூன்றுக்கும் குறளில் இடமுண்டு. ஈகைக்கு இருபத்துமூன்றாம் அதிகாரம். அருளுடைமைக்கு இருபத்தைந்தாம் அதிகாரம். நட்புக்கோ எழுபத்தொன்பதாம் அதிகாரம் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள். பிறவியிலேயே வந்துவிடுவதாயின் இத்தனை அதிகாரங்கள் எதற்கு? கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாமல் பொருளைச் சேர்த்துவைத்து இழப்பவரைக் கண்டு வள்ளுவர் இரங்குகிறார். அறியாதவர் என்று இரங்குவதிலேயே, அறியலாம் என்னும் நம்பிக்கை அடங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒருவர் தடை எழுப்பலாம். நட்புக்கு நெருங்கிப் பழகுதல்கூட வேண்டுவதில்லை, உணர்ச்சி ஒத்திருந்தாலே போதும் என்று அதே வள்ளுவர்தாமே சொன்னார் எனக் கேட்கலாம். தடை நேரியதே. ஆனால் அக்குறளுக்குச் சற்று முன்னதாக, நல்ல நூல் படிக்கப் படிக்க நயம் தருவதுபோல் பண்புடையார் நட்பு பழகப் பழக இன்பம் தரும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். நட்பு பிறப்பதற்கு உணர்ச்சி போதும். நிலைப்பதற்குப் பழக்கம் வேண்டும் என்று இரண்டையும் இசைத்துப் பொருள்கொள்வதே முறை.

தமிழ் முஸ்லிம்களின் மரபில் இவ்வழக்கைத் தீர்த்துவைக்கும் சான்று ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியை அறியாதார் யார்? உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர் அவர். செத்தும் கொடை கொடுத்தவர் என்று தமிழகம் முழுவதும் சாதி சமய வேறுபாடின்றி அவரைப் பழமொழியில் வைத்துப் போற்றுகிறது. அப்பழமொழிக்கு மக்கள் சொல்லும் கதை யாவர்க்கும் தெரியும். வள்ளலை நாடி வந்த புலவர் ஒருவர், அவர் மறைந்த செய்தியறிந்து அடக்கத்தலத்தில் நின்று புலம்பிப் பாடினாராம். அப்போது மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கை வெளியே வந்ததாம். அதன் விரலில் மோதிரம் இருந்ததாம்.

இக்கதை வரலாறா என்பது இங்கே நம் கேள்வியன்று. கதையைக் கட்டிய மக்களின் உள்ளம் எதைக் கண்டது என்பதே கேள்வி. வெளியே வந்தது முகமன்று, குரலன்று, கை. உயிர் பிரிந்தபின் மனம் இல்லை, எண்ணம் இல்லை, புகழாசை இல்லை. அப்போதும் கொடுக்கும் செயல் எஞ்சி நிற்குமானால் அது எங்கே எஞ்சி நிற்கும்? வாழ்நாளெல்லாம் கொடுத்துப் பழகிய கையில்தான் நிற்கும். கொடை பிறவிக்குணம் என்று புலவர் பாடினார். கொடை கைப்பழக்கம் என்று மக்கள் கதை கட்டினார்கள். இந்த வழக்கில் என் வாக்கு மக்களுக்கே.

ஏழைவரி எனப்படும் ஸகாத்தும் இந்த அடிப்படையில் அமைந்ததே. நிறைவான பொருளுடையோர் ஆண்டுக்கொருமுறை நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும் என்பது விதி. கொடுக்க மனம் உள்ளவர்கள் கொடுங்கள் என்று அது காத்திருக்கவில்லை. கருமியின் கையும் ஆண்டுக்கு ஒருநாளாவது திறந்தாக வேண்டும். திறந்த கை மீண்டும் திறப்பது முன்னைக் காட்டிலும் எளிது. நற்செயல்களுள் இறைவனுக்கு மிக விருப்பமானது, சிறியதாயினும் விடாமல் செய்யப்படுவதே என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஔவையின் பாடலுக்காக வாதாடுவோர் தரப்பையும் கேட்போம். கொடுப்பதையும் இரங்குவதையும் பிறவிக்குணம் என்றது, அவற்றைக் கலைகளினும் உயர்ந்த இடத்தில் வைப்பதற்காக என்று அவர்கள் சொல்லலாம். ஓவியத்தைப் பயின்று காசாக்கலாம். இரக்கத்தைக் காசுக்காகப் பயில்வது போலியாகும் என்பது புலவரின் கருத்தாகலாம். தாராள மனம் குழந்தையிலேயே தெரியும் பிள்ளைகளையும் நாம் கண்டிருக்கிறோம்; தன் கையிலுள்ள முறுக்கை அடுத்த குழந்தைக்கு நீட்டும் குழந்தைக்கு யார் பாடம் நடத்தினார்? இவையெல்லாம் உண்மையே. ஒரு பாடல் வியப்பாகப் பாடப்பட்டால் அதனை வியப்பாகக் கேட்பதே நயம். தொல்லை எங்கே எழுகிறது என்றால், வியப்பை நாம் விதியாக்கும்போது எழுகிறது.

நம் இல்லங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். எதற்கெடுத்தாலும் தட்டை எறியும் கணவரைப் பற்றி, "அவர் சுபாவமே அப்படித்தான், பிறவி முன்கோபி" என்று மாமியார் மருமகளுக்குச் சமாதானம் சொல்கிறார். அந்த ஒரு சொல்லில் கணவர் திருந்த வேண்டிய கடமை மறைந்து, மனைவி பொறுக்க வேண்டிய கடமை மட்டும் மிஞ்சுகிறது. உடன்பிறந்தாளுக்குரிய பங்கைக் கொடுக்க மனம் வராதவர், "எனக்குக் கை நீளாது, என்ன செய்வது" என்று நகைத்துக்கொண்டே சொல்கிறார். தீய நண்பர்களோடு சேர்ந்து புகைக்கவும் குடிக்கவும் பழகிய மகனைத் தந்தை, "இவன் தலையெழுத்து" என்று கைகழுவுகிறார். கோபம், கருமித்தனம், குடி ஆகிய மூன்றும் பழக்கங்கள். அவற்றுக்குப் பிறவி என்று பெயர் சூட்டியதும் மூன்றும் பாதுகாப்புப் பெற்றுவிடுகின்றன.

தொட்டிலில் பழகியது சுடுகாடு வரை வரும், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழிகளும் இதே வேலையைச் செய்கின்றன. இளமையில் பழக்குவது எளிது என்பதற்கு அவை துணைநிற்கும்வரை நல்லவை. முதுமையில் முயல்வது வீண் என்று சொல்லத் தொடங்கும்போது அவை பொய்யாகின்றன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் கற்றார்கள். மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். முப்பதிலும் நாற்பதிலும் கைப்பழக்கமும் காற்பழக்கமும் வந்ததை ஒரு மாவட்டமே கண்ணாரக் கண்டது.

தன்னைத்தான் உயர்த்திக்கொள்ளலாம் என்னும் இந்நம்பிக்கையைத் தமிழில் நூல்வடிவாக்கியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் அவர்கள். 'வாழ்க்கையில் வெற்றி', 'முன்னேறுவது எப்படி?' போன்ற அவர் நூல்கள் பல தலைமுறைத் தமிழிளைஞர்களைச் சென்றடைந்தன. பிறப்பே எல்லாவற்றையும் முடிவுசெய்யும் என்னும் எண்ணம் வேரூன்றிய ஒரு சமூகத்தில், முயற்சியால் ஆகும் என்று எளிய தமிழில் சொன்னது சிறிய தொண்டன்று.

ஆயினும் முன்னேற்ற நூல் என்னும் வகையைப் பொதுவாக நோக்கினால் அதன் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். 'நீ நினைத்தால் முடியும்' என்று தனிமனிதனின் மனவுறுதியிடம் பேசுவதோடு இவ்வகை நூல்களில் பல நின்றுவிடுகின்றன. அவன் நிற்கும் இடத்தைப் பற்றி அவை பேசுவதில்லை. தீய பழக்கத்தை விடும் முயற்சிகள் பல தோற்பது இங்கேதான்.

குடியில் மூழ்கியவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிப்பது, நீரில் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்னும் கருத்தை வள்ளுவர் உவமையாக்கியிருக்கிறார். அறிவுரை ஒளிதான், நீருக்குள் அது அணைந்துவிடும். அப்படியானால் வழி என்ன? மதீனத்து வரலாறு ஒரு வழியைக் காட்டுகிறது. மது ஒரே நாளில் அங்கே விலக்கப்படவில்லை. அதில் பயனைவிடப் பாவம் பெரிது என்பது முதலில் உணர்த்தப்பட்டது. பின்னர் மயக்கத்தோடு தொழுகையை நெருங்கலாகாது என்று வந்தது. இறுதியாகவே முற்றும் விலக்கப்பட்டது. இடைப்பட்ட கட்டளையின் நுட்பம் எண்ணத்தக்கது. நாளுக்கு ஐந்து வேளைத் தொழுகை உள்ளவனுக்குக் குடிப்பதற்குரிய நேரம் தானாகவே சுருங்குகிறது. தீய பழக்கத்தின் இடத்தை ஒரு நல்ல பழக்கம் வந்து அடைத்துக்கொள்கிறது. ஆகவே, இறுதிக் கட்டளை வந்த நாளில் மதீனத்துத் தெருக்களில் மது ஓடியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மது அருந்தாதீர் என்பதே முதற் கட்டளையாக வந்திருந்தால் மக்கள் மறுத்திருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உரைத்ததும் இதனையே தெளிவாக்குகிறது.

அதனோடு நம் மாநிலத்தின் கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையே அரசின் நிறுவனம் ஏற்றது. கட்டளை இருந்த காலத்திலும் பழக்கத்தின் வெற்றிடத்தை நிரப்ப வேறொன்று வரவில்லை. தொழிற்பேட்டையிலிருந்து களைத்து வீடு திரும்பும் வழியில் திறந்திருக்கும் கடை ஒன்றானால், அதைக் கடந்து போக மனவுறுதி ஒன்றே துணை என்று சொல்வது போதாது. நடக்கும் வழியை மாற்றுவதும், சம்பள நாளில் பணம் நேரே இல்லத்தரசியின் கைக்குச் சேர ஏற்பாடு செய்வதும், அந்த மாலை நேரத்திற்கு வேறொரு வேலையோ துணையோ தேடிக்கொடுப்பதும் குடும்பத்தார் செய்யத்தக்கவை. குடி நோயாகவே முற்றிவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கமில்லை.

புகைபிடிப்போர்க்கு ரமலான் ஒரு கண்ணாடி. வைகறை முதல் அந்திவரை பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் பீடியைத் தொடாமல் இருக்க இயலுமென்று ஒரு மாதம் முழுவதும் அவர்கள் மெய்ப்பிக்கிறார்கள். ஊரே நோன்பிருக்கிறது; கை நீளும் இடத்தில் பீடி இல்லை; சுற்றம் துணைநிற்கிறது. நோன்பு திறந்த அடுத்த நொடியில் பழைய இடத்திற்கு ஓடுவதால் அப்பயிற்சி வீணாகிறது. ஒவ்வொரு குணத்தையும் அதன் எதிர்ச்செயலால் மருந்திடுக என்பது கஸ்ஸாலியின் மருத்துவம். அம்மருத்துவத்திலும் மிகை உண்டு. புகழாசைக்கு அஞ்சித் தம் பொருளைக் கடலில் எறிந்த பெரியார் ஒருவரின் கதையை அவர் எடுத்தாள்கிறார். பொருளை வீணாக்குவது எப்படித் திருத்தமாகும் என்று பிற்கால அறிஞர் இப்னுல் ஜவ்ஸி இத்தகைய கதைகளைக் கண்டித்தது நியாயமே. அப்பொருளை ஏழையின் கையில் வைத்திருந்தால் இரண்டு கைகளும் பழகியிருக்கும்.

இனி, இரக்கத்திற்கு வருவோம். அதுவும் கைப்பழக்கமாகுமா? மீண்டும் பட்டறைக்குள் நுழைவோம். லேத்தின் சக்கை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டினால், சாவி பறந்துபோய் எதிரே நிற்பவனைத் தாக்கும். ஆகவே சாவியைக் கழற்றாமல் கையை எடுக்காதே என்பது அத்தொழிலின் முதற்பாடம். கழற்றிய காப்புத் தகட்டை மீண்டும் மாட்டிவிட்டே இயந்திரத்தை விட்டு நகர்பவன், அடுத்த ஷிப்டில் வரப்போகும் முகந்தெரியாத ஒருவனின் விரல்களைக் காக்கிறான். அவன் உள்ளத்தில் அந்த நொடியில் இரக்கம் பொங்கிற்றா என்று யாரும் கேட்பதில்லை. அவன் கையில் இரக்கம் இருக்கிறது, அது போதும்.

2024 ஆகஸ்டில் காக்களூர்ப் பால் பண்ணையில் துப்பட்டா இயந்திரப் பட்டையில் சிக்கிப் பெண் தொழிலாளி ஒருவர் உயிரிழந்த செய்தியைப் படித்துக் கலங்காதார் இல்லை. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், "கவனமாக இருந்திருக்கக் கூடாதா" என்று இறந்தவரை நோக்கிச் சொல்வது நம்மிடையே ஒரு தீய பழக்கமாகிவிட்டது. அசையும் பாகங்களுக்குக் காப்பு வேலி இட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. மனிதக் கவனம் களைப்பில் தளரும் என்பதை அறிந்தோர் வகுத்த விதி அது. உடையை இறுகக் கட்டிக்கொள்வது தொழிலாளி பழக வேண்டிய பழக்கம். வேலியின்றி இயந்திரத்தை ஓடவிடாதிருப்பது நிறுவனங்கள் பழக வேண்டிய பழக்கம். முன்னதை மட்டும் பேசிப் பின்னதை விடும் ஒழுக்கவுரை எதுவும் பாதி உரையே.

ஆகவே, அவ்வெண்பாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முற்றும் சொல்லுங்கள். அதன் ஓசையும் செறிவும் தமிழுக்கு அணி. ஆனால் பிற்பகுதிக்கு வந்ததும் சற்று நிறுத்திச் சீதக்காதியின் கதையையும் சொல்லுங்கள். பிறகு பிள்ளையின் கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து, வாசலில் நிற்பவர்க்கு அதை அவன் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். வாரந்தோறும் ஒரு குறித்த நாளில் அப்படிச் செய்து வாருங்கள். முதல் வாரம் அவன் தயங்குவான். தயக்கம் பிறவியில் வந்ததா, பழக்கமின்மையால் வந்ததா என்பதைச் சில மாதங்களில் அந்தக் கையே சொல்லிவிடும்.